மொழிபெயர்த்தவர் செய்த உபகாரம்

"மாத்திரைகளைக் குப்பையில் எறியுங்கள்! மருந்து சாப்பிடுகிறவனுக்கு விசுவாசம் இல்லை!" என்று தன் மொழியில் முழங்கிவிட்டு, மொழிபெயர்ப்புக்காக நிறுத்தினார் வெளிநாட்டுப் போதகர்.

பக்கத்தில் மொழிபெயர்க்க மைக்கோடு நின்றவர் ஒரு நட்சத்திர ஹோட்டல் வரவேற்பாளர். இது கள்ளப் போதகம் என்று புரிய வேதாகமக் கல்லூரிக்குப் போயிருக்க வேண்டியதில்லை. ஆனால் சபையில் அந்த மொழி தெரிந்தவர் அவர் ஒருவர்தான். முன்வரிசையில் அவருடைய அக்கா. சர்க்கரை, ரத்த அழுத்தம், இருதயம் என்று எல்லாவற்றுக்கும் மாத்திரை. மேடையிலிருந்து எது வந்தாலும் அப்படியே செய்துவிடுவாள், பாவம்.

ஹோட்டலில் தங்க வந்து கத்துகிறவர்களின் வசவை மேனேஜரிடம் பதமாக மாற்றிச் சொல்லிப் பழகிய நாக்கு, தானாகவே புரண்டது.

"மாத்திரையை வேளாவேளைக்குச் சாப்பிடுங்க. வைத்தியரையும் ஆண்டவர்தான் தந்திருக்காரு."

"ஆமென்!" அக்காவின் குரல்தான் பெரிதாகக் கேட்டது.

ஆமெனைக் கேட்டுப் போதகர் உள்ளம் குளிர்ந்துபோனார். "எறியத் துணிந்தவர்கள் முன்னால் வாருங்கள்!"

"எல்லாரும் அப்படியே உட்காருங்க."

ஒருவரும் அசையவில்லை. போதகரின் முகம் சிவந்தது. "விசுவாசமே இல்லாத சபை!"

"இப்படி ஒரு சபையை நான் பார்த்ததே இல்லீங்க!" என்றார் வரவேற்பாளர்.

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. திட்டினால் தட்டுகிறார்களே என்று போதகர் விழித்தார்.

"நான் சொல்வதுதான் கடவுளின் வாக்கு. என்னை யாரும் சோதிக்கக் கூடாது!"

வரவேற்பாளரின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. "நான் சொன்னேன்னு நம்பாதீங்க. வேதத்தைத் திறந்து சரிபாருங்க."

சபை மொத்தமும் வேதத்தைத் திறந்தது. "மூடுங்கள்!" என்று போதகர் அலற, "சத்தமா வாசிங்க!" என்று இவரும் அலற, ஒரே அல்லேலூயா.

கூட்டம் முடிந்ததும் சபைச் செயலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். "என்ன தாழ்மை! ஒரு மாசம் இங்கேயே இருக்கச் சொல்லிட்டோம்."

"நம்ம வீட்லதான் தங்குறாரு," என்றாள் அக்கா. "நீ வேலைக்குப் போற நேரத்துல மொழிபெயர்க்க, தமிழ் தெரிஞ்ச அவர் சம்சாரம் நாளைக்கு வர்றாங்களாம். இனி அவர் என்ன சொன்னாலும் கண்ணை மூடிட்டுச் செய்வேன், தம்பி."

வரவேற்பாளருக்குப் பாதி உயிர் போய்விட்டது. காப்பாற்றுவதாக நினைத்து, கள்ளனுக்கு நற்சான்று கொடுத்தாயிற்றே!

"ஐயோ, அவர் சொன்னது அது இல்லக்கா! மாத்திரையைத் தூக்கி எறியச் சொன்னாரு. நான்தான் மாத்திச் சொன்னேன். எல்லாத்தையும்!"

அக்கா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். செயலாளர் மறுபடியும் கண்ணைத் துடைத்தார்.

போதகரின் பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்த அவருடைய டிரைவர் மட்டும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"நீங்களுமா, சார்? போற ஊர்ல எல்லாம் மொழிபெயர்க்கிறவங்க அதைத்தான் செய்யறாங்க. இல்லேன்னா ஐயாவுக்கு இவ்வளவு நல்ல பேரு எப்படி வரும்?"