உபரி பட்ஜெட்டும் எங்கள் வாசற்படியும்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மைத்துனன் மரியாதையுடன் எழுதுவது. இங்கு அனைவரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், மனசாட்சி ஒத்துழைக்கவில்லை. தாங்களும் தங்கையும் குழந்தைகளும் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

மாநகராட்சி நிதிக்குழுத் தலைவர் என்ற முறையில் தாங்கள் அளித்த பேட்டியைப் பத்திரிகையில் படித்தேன். நகரத்தின் நிதிநிலை ஆரோக்கியமாக இருக்கிறதாம், ஒரு காசும் வீணாவதில்லையாம், பட்ஜெட்டில் உபரியாம். ரொம்ப சந்தோஷம். அந்த ஆரோக்கியம் எங்கள் வாசலில் என்ன செய்திருக்கிறது என்று கேளுங்கள். போன வருடம் வாசலுக்கு எதிரே ஒரு பள்ளம் இருந்தது, சாப்பாட்டுத் தட்டு அளவுதான். முதலில் குடிநீர்த் துறை வந்து தெருவையே தோண்டி, எதையோ தேடி, கிடைக்காமல் மூடித் தார் போட்டது. தார் காய்வதற்குள் கழிவுநீர்த் துறை வந்து அதே இடத்தைத் தோண்டி மூடித் தார் போட்டது. அப்புறம் மின்சாரத் துறை. கடைசியாகச் சாலைத் துறை வந்து, "யாருய்யா இப்படிக் கொத்திப் போட்டது?" என்று எங்களையே திட்டிவிட்டு எல்லாவற்றுக்கும் மேலே இன்னொரு அடுக்கு போட்டது. ஆளுக்கொரு செலவு மதிப்பீட்டுப் பலகை வேறு, அதில் ஆளுக்கொரு லட்சக்கணக்கு! அதே வாரத்தில்தான் நிதி இல்லை என்று நூலகத்தை மூடினீர்கள். வயிறு எரியுது மாப்பிள்ளை.

இப்போது ரோடு எங்கள் வாசற்படிக்கு ஒன்றரை அடி மேலே இருக்கிறது. முன்னறையில் என் வீட்டுக்காரி, அதான் உங்கள் அக்கா, முப்பது வருஷமா நடத்துற தையல் கடை இருக்கே, அது கிணத்துக்குள்ள கடை வெச்ச மாதிரி ஆயிடுச்சு. அளவு கொடுக்க வந்த டீச்சரம்மா வழுக்கி நேரா மெஷின் மேலயே வந்து உட்கார்ந்தாங்க. போன மழையில வாடிக்கையாளர் துணியெல்லாம் தண்ணியில மிதந்துச்சு. "இந்த மாசத்தோட கடையை மூடிட்டு என் தங்கச்சி வீட்டுக்குப் போறேன், நீங்க ரோட்டைப் பார்த்துக்கிட்டு இருங்க"ன்னு பெட்டியே கட்டிட்டா. கடை போனா அவ முகத்துல சிரிப்பும் போயிடும், எனக்கு அதுதான் பயம்.

சாலைத் துறை அலுவலகத்துக்குப் போய்க் கத்தினேன். அங்கிருந்த கிளார்க், "சார், மனு வராம நாங்க மண்வெட்டியைத் தொடவே மாட்டோம். உங்க தெருவைப் பத்தி நாலு துறைக்கும் தனித்தனியா மனு வந்திருக்கு. ஒரு துறைக்கு வந்தது இன்னொரு துறைக்கு அப்போ தெரியாது"ன்னார். எந்தப் புண்ணியவான் இப்படி மனு போட்டானோ, அவன் வீட்டு வாசலையும் நாலு தடவை தோண்டணும்.

எனவே தாங்கள் தலையிட்டு, ரோட்டிலிருந்து எங்கள் வீட்டுக்குள் இறங்க ஒரு சிமெண்டுப் படிக்கட்டு கட்டித் தரும்படிக் கேட்டுக்கொள்கிறேன். தங்கைக்கு அன்பு, குழந்தைகளுக்கு ஆசி. தங்கள் பதவியும் உபரியும் நீடிக்கட்டும்.

இப்படிக்கு,
மைத்துனன்
(ஓய்வுபெற்ற தலைமைத் தட்டச்சர்)

பி.கு: இதை அனுப்ப உறை தேடியபோது அலமாரியில் போன வருடத்துக் கார்பன் நகல் ஒன்று கிடைத்தது. தட்டு அளவுப் பள்ளத்தைப் பற்றிய மனு. அடியில், "நகல்: குடிநீர், கழிவுநீர், மின்சாரம், சாலை." கையெழுத்து என்னுடையது. ஆபீஸில் முப்பத்துநாலு வருடப் பழக்கம் மாப்பிள்ளை, நகல் போடாமல் ஒரு காகிதத்தைக் கூட அனுப்பியதில்லை. மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடுங்கள். அதைவிட அவசரம், இந்தக் கடிதத்தின் நகல்களைக் காலையிலேயே தபால்பெட்டியில் போட்டுவிட்டேன். போன தடவை விட்டுப்போன இரண்டு துறைகளையும் சேர்த்து மொத்தம் ஆறு. எப்படியாவது தடுத்து நிறுத்துங்கள். விஷயத்தை உங்கள் அக்காவிடம் சொன்னேன். கட்டின பெட்டி மேலேயே உட்கார்ந்துகொண்டு கேட்கிறாள்: "நான் போறது இருக்கட்டும். ஆறு படிக்கட்டுல எது வழியா ஏறிப் போகணும்னு அந்த ஆறு துறைக்கும் எழுதிக் கேட்டுச் சொல்லுங்க."