மடங்குகாதுக் குட்டிக்கு ஓர் ஆமென்

1952 அறுப்பின் பண்டிகைக்கு முந்தின நாள், வேதக்கோயில் முற்றத்தில் தோரணத்துக்குக் குருத்தோலை கிழித்துக்கொண்டிருந்தபோது பூங்கனி எனக்கு இதைச் சொன்னாள். அவள் தங்கையனுக்குப் பக்கத்து வீட்டுக்காரி. நடந்த அன்று கூடவே போயிருந்தவள். அதனால் பொய் கலக்க வழியில்லை. உப்பு கொஞ்சம் கூடியிருக்கலாம்.

புதுக்கடையில் கொப்பரை வியாபாரம் செய்த தங்கையனுக்கு இரண்டு காரியங்களில் பெயர். ஒன்று, சொன்ன சொல் மாறமாட்டார். இன்னொன்று, அவருடைய ஆமென். சபையே சேர்ந்து சொன்னாலும் அவர் சொல்லுவது மட்டும் சந்தை வரைக்கும் கேட்கும். பிரசங்கத்தில் உறங்கிக்கொண்டிருந்தாலும், ஜெபம் முடிகிற "பிதாவே" காதில் விழுந்தால் போதும், வாய் தானே திறந்துகொள்ளும். கண் திறக்காது.

மகள் மேபல் கல்யாணமாகிக் குலசேகரம் போனபிறகு வீடு ஓய்ந்துபோயிற்று. மனைவி நேசபாய் கோழிகளிடம் பேச ஆரம்பித்தாள். கோழிகள் முகம் கொடுக்கவில்லை. நாய்க்குட்டி கேட்டாள்.

கருங்கல் ஊரில் குளோரி என்று ஓய்வுபெற்ற நர்ஸம்மா ஒருத்தர். ரோட்டில் அடிபட்டுக் கிடக்கிற நாய்களை எடுத்துவந்து, கொட்டகை போட்டுக் காப்பாற்றினார். கேட்பவர்களுக்குக் கொடுப்பார். ஒரே நிபந்தனை: வீட்டு ஆண்பிள்ளை நேரில் வந்து தன் வாயால் சம்மதம் சொல்லவேண்டும். பெண்கள் கொண்டுபோன குட்டிகளை ஆண்கள் மறுநாளே விரட்டிவிட்டதைக் கண்டவர்.

"எனக்க உயிரு இருக்குதுவரை இந்த வீட்டுல நாய் ஏறாது" என்றார் தங்கையன்.

"ஒரு காது மடங்கின சின்னக் குட்டி. திங்கக்கிழமை மலைத்தோட்டக்காரங்க வந்து கொண்டுபோயிருவாங்களாம்."

"நல்லதாப் போச்சு. மலைக்காத்து ஒடம்புக்கு நல்லது."

"மேபலுக்க அப்பா, ஒரு தடவை வந்து பாத்துட்டு, வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிருங்க. அதுக்குப்பொறவு நான் வாய் தொறக்கமாட்டேன்."

அந்தக் கடைசி வார்த்தைக்காகத் தங்கையன் திருவனந்தபுரத்துக்கே நடப்பார். கூடவே ஒரு யோசனையும் உதித்தது. நர்ஸம்மா வாயாலேயே தரமாட்டேன் என்று சொல்லவைத்துவிட்டால் பழி நமக்கில்லை.

சனிக்கிழமை பூங்கனியையும் சேர்த்து மூன்று பேருமாகப் போனார்கள்.

"நாய் பிடிக்குமா உங்களுக்கு?" என்று கேட்டார் குளோரி.

"பிடிக்கும். வாலைப் பிடிச்சுச் சுத்தி எறிவேன்."

"சோறு?"

"மிச்சம் இருந்தா. எனக்க வீட்டுல மிச்சம் இருக்காது."

"கோபம் வருமோ?"

"அதுதான் வரும். வேற ஒண்ணும் வராது."

நேசபாய் குட்டியைத் தடவிக்கொண்டிருந்தாள். குளோரி பெருமூச்சு விட்டார். "செரி. வந்தது வந்தீங்க, ஒரு ஜெபம் செய்துட்டுப் போங்க."

ஜெயித்த சந்தோஷத்தில் தங்கையன் முழங்கால்படியிட்டார். ஜெபம் நீண்டது. நோயாளிகள் வந்தார்கள், வெளியூர்ப் பிள்ளைகள் வந்தார்கள், ரப்பர்த் தோட்டத்துக் கூலிக்காரர்கள் வந்தார்கள், மழையும் வந்தது. தங்கையனின் தாடை நெஞ்சில் இறங்கி, மூச்சு சீராயிற்று. அப்போதுதான் குளோரியின் குரல் தணிந்தது.

"இந்தக் குட்டியை வீட்டில் ஏற்று, தன் கையால் சோறிட்டுக் காப்பேன் என்று உமக்கு முன்பாகச் சொல்லுகிற தங்கையனின் சம்மதத்தை ஏற்றுக்கொள்ளும், பிதாவே."

"ஆமென்."

கொட்டகையிலிருந்த அத்தனை நாயும் குரைத்தன. தங்கையன் கண் திறந்தபோது மடியில் மடங்குகாது இருந்தது.

"அது... வழக்கத்துல வந்ததாக்கும்."

"ஆண்டவர்கிட்ட சும்மா வழக்கத்துக்குத்தான் சொல்லுவீங்களோ?" என்றார் குளோரி.

குட்டி அவருடைய கட்டைவிரலை நக்கியது. அவர் கை, அவரைக் கேட்காமலே, அந்தக் காதை நிமிர்த்திப் பார்த்தது. அது மறுபடியும் மடங்கிக்கொண்டது.

திரும்பி வரும்போது குட்டி அவர் தோள்துண்டுக்குள் இருந்தது.

"ஏட்டி நேசம், நீ அந்த நர்ஸம்மாட்ட முன்னமே ஏதும் சொல்லி வச்சியா?"

"நான் என்னத்தச் சொல்லப்போறேன். சின்ன ஜெபமா முடிச்சிராதீங்க, அவரு உறங்க அஞ்சு நிமிஷமாவது ஆகும்னு சொன்னேன். அவ்வளவுதான்."

இப்போது 1956. அந்தக் குட்டிக்கே குட்டிகள் ஆகிவிட்டன. அதில் ஒன்றுதான் நீங்கள் வந்ததுமுதல் உங்கள் செருப்பைக் கடித்துக்கொண்டிருக்கிறது. எங்கள் வீட்டுக்காரரும் முதலில் வேண்டாம் என்றுதான் சொன்னார். போகும்போது வாசல் கதவைச் சாத்திவிட்டுப் போங்கள். அது வெளியே ஓடினால் அவர் சாப்பிடமாட்டார்.