மதில் தாண்டி விழும் தானம்

எறிவள்ளல் என்றோர் இனம் நம் ஊரில் பெருகிக்கொண்டு வருகிறது. நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்காவிட்டாலும் அவர் கொடுத்ததில் கால் இடறியிருப்பீர்கள். சாதாரண வள்ளல் கேட்டால் கொடுப்பார், கேட்கிறவன் முகத்தைப் பார்த்துக் கொடுப்பார், கையில் கொடுப்பார். எறிவள்ளலுக்கு இந்த மூன்றும் ஆகாது. யாரும் கேட்டிருக்கக் கூடாது, எதிரே முகம் என்று ஒன்று இருக்கக் கூடாது, பொருள் மதிலுக்கு மேலே பறந்துபோய் விழ வேண்டும். எங்கே விழுந்தது என்று திரும்பிப் பார்த்துவிட்டால் அவர் எறிவள்ளலே இல்லை.

இந்த இனத்தில் தலைசிறந்தவர் யார் என்று கேட்டால் யோசிக்கவே வேண்டாம், இலவசப் பத்திரிகை நடத்துகிறவர்தான். இராஜாக்கமங்கலம் ரோட்டிலிருந்து பிரிந்து உள்ளே போகிற காலனி ஒன்றில் சனிக்கிழமை விடியும்போது போய்ப் பாருங்கள். கேட்டுக்கு உள்ளே, கேட்டுக்கு வெளியே, முருங்கைக் கவட்டில், சன்ஷேடின் மேல், கிணற்று மூடியின் மேல், ஓடைக்குள், குடும்பத்தோடு மஸ்கட்டுக்குப் போய்விட்டவர்களின் பூட்டிய வீட்டு நடையில், எங்கு பார்த்தாலும் வெள்ளை வெள்ளையாகக் கிடக்கும். பூட்டிய வீட்டின் முன்னால் குவிந்து கிடப்பதைப் பார்த்தால், இங்கே ஆள் இல்லை என்று திருடனுக்கு வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சேவையும் இலவசம்தான்.

பத்திரிகையின் பெயர் ‘தென்முனை வாழ்த்தொலி’. அதிபர், ஆசிரியர், நிருபர், முதல் பக்கத்துப் படம், கடைசிப் பக்கத்துப் படம், எல்லாம் ஷாஜன் ஒருவரே. அவர் பொன்னாடை வாங்கிய செய்தி போக மிச்சமிருக்கும் இடத்தில் கடை விளம்பரம். பொன்னாடை வாங்காத வாரத்தில் இன்னொருவருக்குப் போட்ட செய்தி.

ஒரு தாள் வீட்டுக்குள் வந்தால் அதனால் ஏதாவது பயன் வேண்டாமா? காசு கொடுத்து வாங்குகிற பேப்பர் படித்து முடித்த பிறகுதான் வேலைக்கே வருகிறது. பழம்பொரி பொரித்து வைத்தால் எண்ணெயைக் குடிக்கும், அலமாரித் தட்டில் விரிக்கலாம், ஜன்னல் கண்ணாடி துடைக்கலாம், சாளை மீன் கழுவும்போது கீழே போடலாம். வாழ்த்தொலியோ வழவழப்புத் தாள். எண்ணெய் அதன்மேல் உருண்டு ஓடி மேசையை நனைக்கும். மை மட்டும் கையில் நன்றாக ஒட்டும்.

அதைவிடப் பெரிய சங்கடம், முதல் பக்கத்தின் தலைமாட்டில் ஷாஜன் காவல் வைத்திருந்தார். ஒரு வேதவசனம், அதன் பக்கத்தில் மண்டைக்காட்டு அம்மன், அதற்கும் பக்கத்தில் பிறைநிலா. எல்லா மார்க்கத்துக்கும் மரியாதை என்பார். மரியாதையா அது? வசனத்தின்மேல் மீன் செதிள் விழக் கிறிஸ்தவர்கள் விடுவார்களா? அம்மன் முகத்தில் இந்து கால் வைப்பாரா? பிறையைக் குப்பையோடு போட்டுக் கொளுத்த முஸ்லிமுக்கு மனம் வருமா? அந்தக் காலனியில் ஒருவர் சாமியை இன்னொருவர் மிதிக்கிற வழக்கமும் இல்லை. ஆகவே யாரும் மிதிக்கவில்லை, கிழிக்கவில்லை, எரிக்கவில்லை. சுற்றிக்கொண்டு போனார்கள். தாள் கிடந்தது. கடவுளை வாசலில் நிறுத்திவிட்டுக் குப்பை கொட்டுகிற சாமர்த்தியம் எத்தனை பேருக்கு வரும்?

ஒரே ஒருவர் மட்டும் குனிந்து எடுத்தார். அந்தத் தெருவில் குடியிருக்கிற செல்லபாயின் கணவர் குமாரதாஸ். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் ஒரு சருகு கிடந்தால் அவருக்குச் சோறு இறங்காது. சனிக்கிழமை காலையில் உரச்சாக்கோடு இறங்கி, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கட்டித் தூக்கிக்கொண்டு வருவார். ஒருநாள் ஷாஜனையே மடக்கிவிட்டார். மச்சினன் பெர்லின் பைக் ஓட்ட, பின்னால் உட்கார்ந்து ஷாஜன் தம் கையாலேயே எறிந்துகொண்டு வந்த காலம் அது.

“நில்லு மக்கா. எனக்கு இது வேண்டாம்.”

“வேண்டாம்னா படிக்காண்டாம் அண்ணே. கெடக்கட்டும்.”

“கெடக்க எடம் என்னோடதாக்கும்.”

“நான் நாட்டுக்காகச் செய்யுதேன். நீங்க முற்றத்துக்காகப் பேசுதீய.”

பைக் போய்விட்டது. போகிற போக்கில் குமாரதாஸின் தலைக்கு மேலே இன்னொரு பிரதி பறந்து முற்றத்தில் விழுந்தது. வேண்டும் என்கிறவருக்கு ஒன்று, வேண்டாம் என்கிறவருக்கு இரண்டு. இதுதான் எறிவள்ளலின் கணக்கு.

பிறகு குமாரதாஸ் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார். சாக்கு ஆணியில் தொங்கியது. குனிய ஆளில்லாத தெருவில் தாள் ஏறிக்கொண்டே போயிற்று.

ஆண்டு நினைவு ஜெபத்துக்குச் சில நாள் இருக்கும்போது ஷாஜன் செல்லபாயின் வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். முகத்தையும் கொஞ்சம் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார்.

“எக்கா, அண்ணனுக்க ஆண்டு வருகில்லியா? நம்ம பேப்பர்ல அரைப் பக்கம் போடுவோம்.”

“அதுக்கெல்லாம் நமக்கு எங்க மக்கா வழி?”

“பைசா யாரு கேட்டா? சும்மாவாக்கும். அண்ணனும் நானும் எப்பிடி உள்ள ஆளுவ. நாடு முழுக்க அண்ணனுக்க முகம் போகும்.”

பட்டுச்சேலைக் கடை ஒன்று விளம்பரத்தை நிறுத்திக்கொண்டதும், கடைசிப் பக்கத்தில் பாதி மொட்டையாக நின்றதும் செல்லபாய்க்கு எப்படித் தெரியும்? அவளுக்குத் தெரிந்தது வேறு. ஒரு வருடமாக அந்தப் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. தபால்காரர்கூட இப்போது செல்லபாய் என்றுதான் கூப்பிடுகிறார். அந்த முகம் நாடு முழுக்கப் போகும் என்றால் எந்த மனைவிக்குத்தான் நெஞ்சு இளகாது? ஓய்வு பெற்ற நாளில் எடுத்த படத்தைச் சுவரிலிருந்து இறக்கி, சேலைத் தலைப்பால் துடைத்துக் கொடுத்தாள்.

“மரியாதையா போடணும் மக்கா.”

“மரியாதைக்கு நம்மள விட்டா யாரு இருக்கா எக்கா?”

ஆண்டு நினைவு வந்ததும் ஒரு சனிக்கிழமை. முந்தின இரவெல்லாம் மழை. காலையில் செல்லபாய் கேட்டைத் திறந்தாள்.

தெருவெல்லாம் குமாரதாஸ். ஓடைக்குள் பாதி முங்கிய குமாரதாஸ், கேபிள் பெட்டியின் மேல் சப்பென்று ஒட்டிக்கொண்ட குமாரதாஸ், நாய் முகர்ந்து பார்த்துவிட்டு விட்டுப்போன குமாரதாஸ், சேற்றில் வாய்வரைக்கும் புதைந்து கண் மட்டும் தெரிகிற குமாரதாஸ். தெருவில் குப்பை கிடந்தால் சோறு இறங்காத மனிதரைத் தெருக்குப்பையாக்கி, ஷாஜன் தம் வாக்கை நிறைவேற்றியிருந்தார். படத்தின் கீழே ‘கண்ணீருடன்’ என்று போட்டு, செத்தவர் படத்தைவிடப் பெரிதாகத் தம் படத்தையும் சேர்த்திருந்தார். கண்ணீர் எதுவும் தெரியவில்லை. சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

எதிர்வீட்டு ஜமீலா பீவி பால் பாக்கெட்டும் கையுமாகத் தன் நடையிலேயே நின்றிருந்தாள்.

“எக்கா, நான் எப்பிடி அங்க வருவேன்? வழி முழுக்க அண்ணன்லா கெடக்காவ.”

அவள் சொன்னது சரிதான். தாள் இப்படி விழுந்திருந்தால் மேலே தெய்வம், அப்படி விழுந்திருந்தால் மேலே குமாரதாஸ். காலை எங்கே வைப்பது? ஜெபத்துக்கு வந்தவர்கள் தெருமுனையிலேயே செருப்பைப் பார்த்தார்கள், தாளைப் பார்த்தார்கள், சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தத்தித் தத்தி வந்தார்கள். மாதர் சங்கத்துப் பெண்கள் பாண்டி விளையாடுகிறவர்களைப் போல ஒற்றைக் காலில் குதித்தார்கள். போதகர் ஒரு கையில் வேதப்புத்தகமும் மறு கையில் அங்கி நுனியுமாகத் தாண்டித் தாண்டி, கடைசித் தாண்டலில் மதிலைப் பிடித்துத் தப்பினார். துக்கத்துக்கு வந்த வீட்டில் சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டவர்களைச் செல்லபாய் பார்த்தாள். ஆள் இறக்கிவிட்ட ஆட்டோ பின்னால் எடுத்தது. சக்கரம் ஒரு கன்னத்தின்மேல் ஏறி இறங்கியது. அதையும் பார்த்தாள்.

வாரியலை எடுத்தாள். எடுத்த வேகத்தில் திரும்ப வைத்துவிட்டாள். கட்டியவன் முகத்தை வாரியலால் கூட்டித் தள்ளுவதா? ஆணியில் தொங்கிய சாக்கை உருவிக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

“அம்மா, ஜெபம் தொடங்கலாமா?” என்றார் போதகர்.

“நீளமான பாட்டா பாத்துப் படிச்சிட்டு இருங்க ஐயா. நான் இவியள எடுத்துட்டு வருகேன்.”

ஓடைக்குள் கையை விட்டாள். ஜமீலா பீவி பால் பாக்கெட்டை மதில்மேல் வைத்துவிட்டு அந்தப் பக்கத்திலிருந்து பொறுக்கத் தொடங்கினாள். நனைந்ததை நனைந்ததோடும் காய்ந்ததைக் காய்ந்ததோடும் வைத்தார்கள். சாக்கு நிறைந்தது. நிறைந்த சாக்கை இரண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டு ஷாஜன் குடியிருக்கிற அடுத்த காலனிக்கு நடந்தார்கள்.

அந்தத் தெருவை நீங்கள் பார்க்க வேண்டும். கழுவித் துடைத்த தட்டைப் போல இருந்தது. மரக் கவட்டில் காக்கை மட்டும் இருந்தது. மதில்மேல் பூனை மட்டும் இருந்தது. ஒரு வீட்டு முன்னாலும் ஒரு தாள் இல்லை. கேட்டில் நின்ற ஷாஜனின் மனைவி பிரீனாவிடம் செல்லபாய் கேட்டாள்.

“ஒங்க தெருவுல பேப்பர் வரல்லியா மக்களே?”

“இங்க போடமாட்டாவ எக்கா,” என்றாள் பிரீனா, கள்ளம் இல்லாமல். “குப்பையாவும்லா.”

செல்லபாய் சாக்கை அவிழ்த்தாள். வாசல் படியிலிருந்து கேட்டுவரைக்கும், கால் வைக்க இடம் விடாமல், தாளை ஒவ்வொன்றாக விரித்து ஓரத்தில் கல் வைத்தாள். ஒன்றில் தெய்வம் மேலே, அடுத்ததில் குமாரதாஸ் மேலே. ஜமீலா பீவி கல் பொறுக்கிக் கொடுத்தாள்.

அன்று ஷாஜனுக்குப் பொன்னாடை. சிறந்த சமூக சேவகர் என்று ஏதோ சங்கத்தார் போர்த்துகிறார்கள். அழைத்துப்போக வந்த கார் தெருவில் நின்று ஹாரன் அடித்தது. சலவை வேட்டியும் சென்ட் வாசமுமாகப் படியில் வந்து நின்றவர், கீழே பார்த்தார்.

“எக்கா, என்னத்துக்கு இந்தக் காரியம்?”

“ஒண்ணுமில்ல மக்கா. வேண்டாம்னா பாக்காண்டாம். கெடக்கட்டும்.”

வலது காலைத் தூக்கினார். கீழே அம்மன். காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். இடது காலைத் தூக்கினார். ஆட்டோச் சக்கரத்தின் தடத்தோடு குமாரதாஸ் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பிறையில சவிட்டிராதீய தம்பி,” என்றாள் ஜமீலா பீவி. “நீங்கதான மரியாதைக்குப் போட்டது.”

“ஏட்டி, பெர்லின விளி,” என்று மனைவியைப் பார்த்துச் சொன்னார்.

“அவன் வடசேரி பக்கம் எறிஞ்சிட்டு நிப்பான்,” என்றாள் பிரீனா.

கார் மறுபடியும் ஹாரன் அடித்தது. ஷாஜன் வேட்டியை மடித்துக் கட்டினார். குனிந்தார். தம் பத்திரிகையைத் தரையிலிருந்து எடுப்பது அவருக்கு அதுதான் முதல் தடவை, எடுக்கத் தெரியவில்லை. நனைந்த தாள் கிழிந்தது. மை விரலில் ஏறி, விரலிலிருந்து வேட்டிக்கு ஏறியது. செல்லபாய் சாக்கின் வாயை விரித்துப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள்.

“மெள்ள எடு மக்கா. ஆளு முகமாக்கும். அந்தா, செடிக்கடியில ஒண்ணு கெடக்கு.”

கேட்டுவரைக்கும் பொறுக்கி முடித்து அவர் நிமிர்ந்தபோது, அவள் சாக்கைக் கட்டினாள்.

“ஜெபம் முடிஞ்சா சாப்பாடு உண்டு. அண்ணனுக்க ஆண்டாக்கும். வந்து சாப்பிட்டுட்டுப் போ,” என்றாள். மனதாரத்தான் சொன்னாள். அவர் மை வேட்டியோடு பொன்னாடைக்குப் போய்விட்டார்.

வீட்டில் பாட்டு இன்னும் முடிந்திருக்கவில்லை. சாக்கைக் குமாரதாஸின் படத்துக்குக் கீழே கொண்டுபோய் வைத்துவிட்டுச் செல்லபாய் உட்கார்ந்த பிறகுதான் போதகர் ஜெபத்தைத் தொடங்கினார்.

ஷாஜன் திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? எறிவள்ளல் திருந்தியதாகக் கேள்விப்பட்டதுண்டா? அடுத்த வாரம் முதல் பக்கத்தில், மடித்துக் கட்டிய வேட்டியோடு குனிந்து நிற்கிற படம். ‘தூய்மைப் பணியில் நம் ஆசிரியர்’. கேட்டில் நின்றபடியே பிரீனா எடுத்தது. அதுவும் மதில் தாண்டிச் செல்லபாயின் முற்றத்தில் விழுந்தது. அவள் அதை எடுத்துப்போய் ஷாஜனின் படியில் விரித்துக் கல் வைத்துவிட்டு வந்தாள். அதற்கடுத்த வாரம் ஜமீலா பீவியும் தன் வீட்டில் விழுந்ததை எடுத்துக்கொண்டு கூடப் போனாள். அதற்கும் அடுத்த வாரம் தெருவே போயிற்று. இப்போது பெர்லினின் பைக் அந்தத் தெருவை மட்டும் விட்டுச் சுற்றிக்கொண்டு போகிறது. “அங்க உள்ளவியளுக்கு வாசிப்புப் பழக்கம் இல்ல,” என்று ஷாஜன் மேடையில் வருத்தப்படுகிறார்.

நீங்கள் சிரிக்கலாம். உங்களிடம் பத்திரிகையும் இல்லை, பைக் ஓட்ட மச்சினனும் இல்லை. சரி. இன்று காலையில் பல் துலக்குவதற்கு முன்னால் கைபேசியில் தாமரைப் பூவும் வசனமும் போட்ட படத்தை எத்தனை வீட்டுக்கு எறிந்தீர்கள்? எங்கே விழுந்தது என்று பார்த்தீர்களா? போன துக்கவீட்டில் கேட்காமலே எறிந்துவிட்டு வந்த புத்திமதியை யார் குனிந்து பொறுக்கினார்கள்? உங்கள் வீட்டுத் தெரு சுத்தமாக இருக்கிறதா? இருந்தால் கொஞ்சம் கவனமாக இருங்கள். சாக்கோடு யாராவது வரக்கூடும்.

இதையெல்லாம் உங்களிடம் யார் கேட்டார்கள் என்கிறீர்களா? வேண்டாமென்றால் படிக்க வேண்டாம். கிடக்கட்டும்.