ஈக்கு எப்போதும் இரண்டு தட்டு

கல்யாணமாகி ஆறு வருஷம். இந்தக் குடும்பத்தில் ஒரு முடிவாவது நான் எடுத்தே தீருவது என்று சபதம் செய்தேன். குழந்தை பிறக்கப் போகிறது; பெரிய வீடு வேண்டும். தேடியதில் இரண்டு தேறின. ஒன்று மூன்றாம் மாடி, கீழே ரொட்டிக்கடை. நுழைந்ததுமே சூடான ரொட்டி வாசனை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். இன்னொன்று தரைத்தளம், பின்னால் சாக்கடை. என் மனைவிக்கு என்னவோ சாக்கடைதான் பிடித்திருந்தது.

"மாடி ஏற வேணாம் பாருங்க" என்றாள்.

அவள் ஆராய்ச்சிக்கூடத்தில் பழ ஈ வளர்க்கிறாள். வாழைப்பழம் கனிந்தால் எங்கிருந்தோ வந்து மொய்க்குமே, அந்தப் பொடி ஈ. ஊரே விரட்டுவதை வளர்க்கிறாயே என்று கேலி செய்வேன். அன்று சாப்பிடும்போது அவள் ஒரு சேதி சொன்னாள்.

"கூண்டுல ரெண்டு தட்டு வைப்போம். ஒண்ணுல ஆரஞ்சு வாசனை, இன்னொண்ணுல வேற பழம். பெண் ஈ ரெண்டையும் சுத்திப் பாக்கும். முட்டை மட்டும் ஆரஞ்சுலதான் அதிகமாப் போடும்."

"அவ்வளவு ருசியா?"

"ருசிக்கு இல்லங்க. ஈயோட புழுவுக்கு எமன் ஒரு குளவி. அந்தக் குளவிக்கு ஆரஞ்சு வாசனை ஆகாது. அங்க வளர்ந்தா பிள்ளை பிழைக்கும்."

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரும் இல்ல. தலையில ரெண்டு குட்டிக் கொம்பு இருக்கு. அதுதான் அதுக்கு மூக்கு."

கடுகைவிடச் சின்னத் தலை. அதற்குள் இன்னும் பிறக்காத பிள்ளைக்கு இடம் தேடும் அறிவு. வளர்ந்த பிள்ளையை அது பார்க்கப் போவதுகூட இல்லை. அதையே நினைத்துக்கொண்டிருந்ததில் சாப்பிட்ட கை காய்ந்துபோனது.

வியப்பு அடங்கியதும் என் மூளை விழித்துக்கொண்டது. மறுநாள் மாலை இரண்டாம் மாடியிலிருந்த வீட்டுக்காரம்மாவிடம் சாவி வாங்கி, ரொட்டிக்கடை வீட்டின் அலமாரியெல்லாம் ஆரஞ்சுத் தோலை ஒளித்து வைத்தேன். கொல்லன் தெருவில் ஊசி விற்கிறோம் என்று அப்போது உறைக்கவில்லை. பிறகு அவளை வரச் சொன்னேன்.

"வாசனை நல்லாத்தான் இருக்கு" என்றாள். "ஆனா மூணு மாடி. காய்கறிப் பையோட ஏறணும்."

"நான் தூக்கறேன்."

"ஏறி வந்த களைப்புல பாத்திரம் வேற கழுவணும்."

"நான் கழுவறேன்."

"ராத்திரி குழந்தை அழுதா?"

"நான் எழுந்துக்கறேன். போதுமா?"

பெருமூச்சு விட்டாள். "சரி, உங்க இஷ்டம்."

உங்க இஷ்டம். ஆறு வருஷத்தில் என் காதில் விழாத சொல். படியில் கால் பாவாமல் இறங்கினேன்.

குடிவந்த அன்று காலை ரொட்டி வாசனையே இல்லை. வீட்டுக்காரம்மாவைக் கேட்டேன்.

"சாயங்காலம்தான் ரொட்டி சுடுவாங்க" என்றார். "உங்க வீட்டம்மாவுக்குத் தெரியுமே. போன மாசமே தனியா வந்து பாத்து, இதுதான் வேணும்னு சொல்லிட்டாங்க. வாசனை எப்ப வரும்னு கேட்டு, அந்த நேரத்துக்கு உங்களைக் கூட்டிட்டு வந்தாங்க."

மேலே ஓடினேன். அவள் ஜன்னலோரம் நின்றிருந்தாள். தெருவுக்கு எதிர்ப்பக்கம் அவளுடைய ஆராய்ச்சிக்கூடத்தின் பின்வாசல். வேலைக்கு நடுவே ஓடி வந்து குழந்தையைப் பார்த்துவிட்டுப் போகலாம். எனக்கு அது இப்போதுதான் கண்ணில் பட்டது.

"அப்ப அந்தச் சாக்கடை வீடு?"

"கூண்டுல எப்பவும் ரெண்டு தட்டு வைக்கணும்ங்க. ஒண்ணே ஒண்ணு வெச்சா, ஈ தானா தேர்ந்தெடுத்ததா ஆகாது."

பிறக்காத பிள்ளைக்காக ஒரு தலைக்குள் எத்தனை யோசனை. கோபம் வரவில்லை, பிரமிப்புதான் வந்தது. அலமாரியைத் திறந்தேன். சுருங்கிய ஆரஞ்சுத் தோலிலிருந்து ஒரு பொடி ஈ எழுந்து பறந்தது. அதைக் கும்பிட வேண்டும்போல இருந்தது.

"தோலைக் குப்பையில போட்டுட்டு, அப்படியே பாத்திரத்தையும் கழுவிடுங்க" என்றாள்.