மாப்பிள்ளை மாட்டச் சொன்ன சுவிட்ச்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளைக்கு, மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். மின்சாரம் மட்டும் அவ்வளவு நலமில்லை.

பழைய கட்டடம், பிளக் பாயின்டுகளுக்கெல்லாம் கரண்ட் கசிந்தால் தானே விழுந்து மின்சாரத்தை நிறுத்துகிற சுவிட்ச் மாட்டினால்தான் தவழுகிற குழந்தையோடு வருவோம் என்று எழுதியிருந்தீர்கள். பேத்தியைப் பார்த்து நான்கு மாதம் ஆகிறதே என்று மறுபேச்சில்லாமல் எர்த் ஒயர் இழுத்து, அந்தச் சுவிட்சையும் மாட்டினேன். அன்றிலிருந்து தினமும் காலை ஒன்பது மணிக்கு, நான் செய்தி பார்க்க உட்கார்ந்ததும், டப்பென்று விழுகிறது. கோர்ட்டில் முப்பது வருடம் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு விசாரணை தெரியாதா? முதலில் டிவியைக் கழற்றினேன், விழுந்தது. ஃபிரிட்ஜைக் கழற்றினேன், பால் திரிந்தது, சுவிட்சும் விழுந்தது. மிக்ஸி, இஸ்திரிப்பெட்டி எல்லாவற்றையும் விசாரித்து விடுதலை செய்தேன். நடுவில் உங்கள் அத்தை சோப்புக் கையோடு ஏதோ சொல்ல வந்தாள். விசாரணையில் குறுக்கே பேசாதே என்று அனுப்பிவிட்டேன். எலக்ட்ரீஷியனோ, "சார், அது அதோட வேலையத்தான் செய்யுது"ங்கிறார். என் வேலையைச் செய்ய விடமாட்டேங்குதே! இத்தனை வருஷமா இதே பாயின்ட்லதான் பிளக் சொருகுறேன், எனக்கு என்ன ஆயிடுச்சு?

ஆகவே நாளை அதைக் கழற்றச் சொல்லிவிட்டேன். தரையில் விட்டால்தானே ஆபத்து? நீங்கள் இருக்கும் நாளெல்லாம் குழந்தையை நானே இடுப்பில் வைத்துக்கொள்கிறேன்.

மகளுக்கு ஆசிகள், பேத்திக்கு முத்தங்கள், தங்களுக்கு என்றும் குறையாத மரியாதை. ஞாயிறன்று வாசலிலேயே நிற்பேன்.

இப்படிக்கு,
மாமனார்

பின்குறிப்பு: நேற்றே தபாலில் போட மறந்தது நல்லதாயிற்று. கழற்ற வந்த எலக்ட்ரீஷியன், வாஷிங் மெஷின் முன்னால் கிடந்த ரப்பர் செருப்பைப் பார்த்துவிட்டு, "இது எதுக்கும்மா?" என்று கேட்டார்.

"வெறுங்காலோட மெஷினத் தொட்டா ஷாக் அடிக்கும். பல வருஷமா போட்டுக்கிட்டுத்தான் துவைக்கிறேன்" என்றாள் உங்கள் அத்தை.

"என்கிட்ட ஏன் சொல்லல?" என்றேன் நான்.

"சொன்னேனே. நீங்க நியூஸ் பாத்துக்கிட்டு இருந்தீங்க."

தினமும் ஒன்பது மணிக்குத்தான் துவைப்பாளாம். மெஷினை அப்போதே வெளியே தூக்கிப் போட்டாயிற்று. இன்று செய்தியை முழுதாகப் பார்த்தேன், ஒன்றும் மனதில் ஏறவில்லை. உங்கள் அத்தையிடம் மன்னிப்புக் கேட்டேன். பேத்தி தவழ்ந்து வந்து, முதலில் அந்த மெஷினைப் பிடித்துத்தான் எழுந்து நின்றிருப்பாள். அவளுக்கு ஏது செருப்பு?

சுவிட்ச் மாட்டிய இடத்திலேயே இருக்கிறது. வாருங்கள்.