கிராணியார் ஒளித்த ஆறு விமானங்கள்

ஆறு எதிரி விமானங்களை எங்கே ஒளிப்பது என்று பொன்னுதுரைக்குத் தெரியவில்லை. ஒவ்வொன்றும் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். இருந்தும் காஜா பேராங்கில் இருந்த அவருடைய சின்ன வீட்டில் அவற்றுக்கு ஓர் இடம் அகப்படவில்லை.

பக்கத்து வீட்டு அப்பாசாமி கொண்டுவந்த சேதிதான் இத்தனைக்கும் காரணம்.

"ஜப்பான் ஆபீசர் ஒருத்தரு உன் பேரு எழுதின கடுதாசியைக் கையில வச்சுக்கிட்டு வீடு வீடா விசாரிக்கிறாரு. நாளைக்கு வருவாராம்" என்று சொன்ன கையோடு, அப்பாசாமி தன் வீட்டு ஜன்னலையும் சாத்திக்கொண்டார்.

பொன்னுதுரை தபால் நிலையத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா வேலை பார்க்கும் சாது மனிதர். அவருக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம் தபால் தலை சேர்ப்பது. ஐரோப்பிய நாடு ஒன்று தன் தேசிய விமானக் கம்பெனியின் வரலாற்றை ஏழு தபால் தலைகளாக வெளியிட்டிருந்தது. துணி இறக்கை வைத்த முதல் விமானத்தில் தொடங்கி, நாலு இஞ்சின் பூதம் வரைக்கும் ஆறு தலைகளை அவர் சேர்த்துவிட்டார். கடலில் இறங்கும் விமானம் போட்ட ஏழாவது மட்டும் கிடைக்கவே இல்லை.

அதையும் அனுப்புவதாக ஒருவர் எழுதியிருந்தார். ஷாங்காய், தபால் பெட்டி 114 என்பது அவருடைய முகவரி. கையெழுத்து ‘எச்’ என்ற ஒற்றை எழுத்து. மூன்று வருடக் கடிதப் பழக்கத்தில் பொன்னுதுரை அவரை வெள்ளைத் தாடி வைத்த ஒரு பாதிரியாராகவே கற்பனை செய்து வைத்திருந்தார். ‘என்னிடம் இரண்டு இருக்கிறது, ஒன்று உங்களுக்குத்தான்’ என்று கடைசியாக ஒரு கடிதம் வந்தது. அதற்குள் யுத்தம் வந்து, ஊரும் ஜப்பான்காரர் கைக்குப் போய்விட்டது.

விமானத் தலை வெளியிட்ட அந்த நாடு இப்போது ஜப்பானுக்கு எதிரி நாடு. வெள்ளைக்காரக் கொடி போட்ட பிஸ்கட் டின்னை வைத்திருந்ததற்காகப் பண்டார் ஹிலிரில் ஒருவருக்கு நாலு பல் போயிருந்தது. ஆறு விமானத்துக்கு எத்தனை பல் என்று பொன்னுதுரை கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை.

"அடுப்புல போட்டுடுங்க" என்றாள் மனைவி கமலவேணி.

பெற்ற பிள்ளையைப் போடச் சொன்னதுபோல அவளைப் பார்த்தார்.

முதலில் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் செருகினார். ஜப்பான் சக்கரவர்த்தி படத்தை மாட்டச் சொல்லிச் சுவரில் இருப்பதைக் கழற்றுகிறார்கள் என்று கமலவேணி ஞாபகப்படுத்தினாள். உடனே எடுத்து மரவள்ளிமாவு டின்னுக்குள் புதைத்தார். ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தால், ஈர மாவு பசையாகி இரண்டு விமானங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. அவற்றைப் பிரித்து முடிப்பதற்குள் அவருக்கு உயிர் போய் உயிர் வந்தது.

அப்போதுதான் அந்த யோசனை உதித்தது. தபால் தலைக்குத் தபாலைவிடப் பத்திரமான இடம் ஏது? ஆறையும் ஓர் உறையில் போட்டு, தன் பெயருக்கே எழுதி அனுப்பிவிட்டால், சோதனை நடக்கும்போது ஒன்றுகூட வீட்டில் இருக்காது. ஊருக்குள் போட்ட கடிதம் ஊருக்குள் வந்து சேர இந்தக் காலத்தில் ஆறு நாளாகிறது. அந்தத் தாமதத்தில் பாதிக்கு அவரே காரணம் என்பதால் கணக்கு தப்ப வழியில்லை.

மறுநாள் காலை முதல் வேலையாகப் பெட்டியில் போட்டார். வயிற்றுவலி என்று லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். பொய்கூட இல்லை, வயிறு நிஜமாகவே வலித்தது.

பதினோரு மணிக்கு ஆபீசர் வந்தார். கண்ணாடி போட்ட குள்ளமான மனிதர். கூடவே மொழிபெயர்ப்பாளர் சேதுராமன். பொன்னுதுரை இடுப்பு ஒடியக் குனிந்து வணக்கம் வைத்தார். நிமிர்வதற்குள் வாசலில் சைக்கிள் மணி கேட்டது.

தபால்காரர் முகைதீன். கையில் அந்த உறை.

"தபால் கட்டுல தெரிஞ்ச கையெழுத்தைப் பார்த்தேன். நம்ம கிராணியார் வீட்டுக்காச்சேன்னு நேரா கொண்டாந்துட்டேன்" என்று முகமெல்லாம் சிரிப்பாக வந்தவர், அப்புறம்தான் ஆபீசரைப் பார்த்து அவசரமாகக் குனிந்தார்.

சேதுராமன் எட்டி உறையைப் படித்தார். "பொன்னுதுரைக்கா?"

பொன்னுதுரையின் வாய் அவரைக் கேட்காமலே பேசியது. "அப்படி யாரும் இங்க இல்லீங்க."

முகைதீன் திகைத்து நின்றார். பதினோரு வருடமாக அவருடன் ஒரே மேசையில் தேநீர் குடித்தவர்.

"அப்ப நீங்க யாரு?" என்றார் சேதுராமன்.

"அப்பாசாமி."

பக்கத்து வீட்டு ஜன்னல் கொஞ்சமாகத் திறந்து, படாரென்று மூடிக்கொண்டது. கோப்பியுடன் வந்த கமலவேணி, புருஷன் அடுத்த வீட்டுக்காரர் ஆகிவிட்டதைக் கேட்டு நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். பொன்னுதுரை செமாபோக் பக்கம் குடிபோய் நாளாயிற்று, விலாசம் தெரியாது என்று புருஷன் மளமளவென்று அளந்தார்.

முகைதீன் பென்சிலை எடுத்து உறையின்மேல் ‘ஆள் இல்லை’ என்று எழுதி, பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். பொன்னுதுரைக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. ஆள் இல்லாத கடிதங்கள் எல்லாம் கடைசியில் அவர் மேசைக்குத்தான் வரும். தலையும் தப்பியது, தபால் தலையும் தப்பியது.

ஆபீசரின் முகம் வாடிப்போயிற்று. சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் காகித உறையை எடுத்துப் பார்த்தார். பெருமூச்சு விட்டு, அதைத் திரும்பப் பையில் வைத்துக்கொண்டு சேதுராமனிடம் ஏதோ சொன்னார். பிறகு பொன்னுதுரைக்குத் தலைகுனிந்து வணக்கம் வைத்தார். ஜப்பான் ஆபீசர் ஒரு கிராணிக்குக் குனிந்து அந்தத் தெரு பார்த்ததில்லை.

"இன்னிக்குச் சாயங்காலம் இவருக்குக் கப்பல்" என்றார் சேதுராமன். "அந்தப் பொன்னுதுரையை எங்கேயாவது பார்த்தா ஒரு சேதி சொல்லிடுங்க, அப்பாசாமி. ஷாங்காய் தபால் பெட்டி நூத்திப்பதினாலு நேர்லயே வந்தாரு, ஏழாவது விமானத்தைக் கையோட கொடுத்துட்டுப் போகலாம்னு."