செல்லுலாய்டுப் பல்லும் மூன்றாவது ஓலையும்

எது பாவம், எது பாவமில்லை என்று நாற்பது பிள்ளைகளுக்குப் பிரம்பை வைத்துக்கொண்டு விளக்கியவன் நான். ஞானோபதேச வகுப்பில் என்னிடம் குறுக்குக் கேள்வி கேட்ட ஆள் கிடையாது. அப்படிப்பட்ட எனக்கே, ஒரு பல்லால் நோன்பு முறியுமா முறியாதா என்று தெரியாமல் போய், கல்யாணம் முறியப் பார்த்தது. இத்தனை வயதுக்கு மேல் மறைத்து என்ன ஆகப்போகிறது, சொல்லிவிடுகிறேன்.

உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். ஏலாக்குறிச்சிக்காரனான நான் வரதராஜன்பேட்டையில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தேன். அதே ஊரில் முந்திரித்தோப்பு வைத்திருந்த அந்தோணிமுத்து என்பவரின் இளைய மகள் தெரசம்மாளை எனக்குப் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளைக்குப் பல்வரிசை நன்றாக இருக்கிறது என்று பெண் வீட்டில் பேசிக்கொண்டதாகக் காதில் விழுந்தது. (வேறு எதையும் புகழ்ந்ததாக விழவில்லை.)

எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதாவது தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள் என்று சாமியார் அறிவிப்பார். எங்களுக்கு இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது.

இரண்டாவது ஓலைக்கு மறுநாள் மாலை தோப்புப் பக்கம் போனேன். வேலை ஒன்றும் இல்லை. பெண் அங்கே இருக்கிறாள், அதுதான் வேலை. வறுத்த முந்திரிக்கொட்டைகளைக் குவித்துவைத்து, அவளும் இன்னும் நாலைந்து பெண்களும் கட்டையால் தட்டி உடைத்துக்கொண்டிருந்தார்கள். பார்த்துவிட்டுப் பேசாமல் வந்திருக்கலாம். "இதுக்குப் போய்க் கட்டை எதுக்குங்க?" என்று ஒரு கொட்டையை எடுத்து முன்பல்லில் வைத்து ஒரே கடி. கொட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு, அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்தவன் மாதிரி அங்கிருந்து நடையைக் கட்டினேன். வீட்டுக் கண்ணாடியில் பார்த்தால், மேல்வரிசை முன்பல்லில் பாதியைக் காணோம்.

விடிந்ததும், பெட்ரோல் பஞ்சத்தில் கரிப்புகையில் ஓடிய கரிவாயு பஸ்ஸில் அரியலூர், அங்கிருந்து ரயிலில் திருச்சி. பல் டாக்டர் மிச்சமிருந்த பாதியையும் ராவி முளைக்குச்சியாக்கிவிட்டுச் சொன்னார்: "பீங்கான் பல்லு மெட்ராஸ்லேருந்து செஞ்சு வரணும். மூணு வாரம் ஆவும். அதுவரைக்கும் தற்காலிகமா ஒரு தொப்பி மாட்டிவுடறேன்."

கண்ணாடிப் பலகையில் துத்தநாகப் பொடியைக் கொட்டி, கிராம்பு எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குழைத்தார். அந்தப் பசையைப் பல் மாதிரியே இருந்த ஒரு மெல்லிய கூட்டுக்குள் அடைத்து, என் குச்சியின் மேல் கவிழ்த்து அழுத்தினார். கூடு செல்லுலாய்டு என்றார்.

"சீப்பு, பொம்மை எல்லாம் செய்யறாங்களே, அதுங்களா சார்?"

"அதேதான்."

"டூரிங் கொட்டகையில படச்சுருள் குப்புன்னு பத்திக்குதே..."

"அதுவும் இதுதான். நெருப்பைத் தின்னாதீங்க. சூடாவும் சாப்பிடாதீங்க. கெட்டியா எதையும் கடிக்காதீங்க."

அவர் வேடிக்கையாகச் சொன்னாரா, நிஜமாகவே சொன்னாரா என்று ரயிலில் அரியலூர் வரும்வரை யோசித்தேன், விளங்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று அந்த வாரம் முழுவதும் விளக்கை வாயால் ஊதி அணைக்கவில்லை. பல்லோ நாக்குப் பட்டாலே ஆடியது. வாய் முழுக்க இருபத்துநாலு மணி நேரமும் கிராம்பு.

மூன்றாவது ஞாயிறு வந்தது. பூசையில் ஓலை வாசித்தார்கள். தடை இருப்பதாக யாரும் வாயைத் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை. நன்மை வாங்க, அதாவது சாமியார் நாக்கில் வைக்கும் நற்கருணை அப்பம் வாங்க, பீடத்துக்கு முன்னால் இருந்த கிராதித் தடுப்பருகே போய் முழந்தாளிட்டேன். நன்மை வாங்குகிறவன் நடுராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடத் தொடக் கூடாது என்பது அந்தக் காலத்துச் சட்டம். நானும் தொடவில்லை. எச்சிலை விழுங்கினேன், கிராம்பு காரமாக இறங்கியது.

அங்கேதான் பிடித்தது சனி. எச்சில் நோன்பை முறிக்காது, இது நான் சொல்லிக்கொடுத்த பாடம். மருந்து முறிக்கும், இதுவும் நான் சொல்லிக்கொடுத்த பாடம். பல்லிலிருந்து கசியும் எண்ணெய் எச்சிலா, மருந்தா? பல் என்னுடையதா, டாக்டருடையதா? துத்தநாகம் எந்தக் கணக்கில் வரும்? போதாக்குறைக்கு எதிரே வரிசையாக மெழுகுவர்த்திகள். சாமியார் எனக்கு இரண்டு ஆள் தள்ளி வந்துவிட்டார். நான் எழுந்து திரும்பி நடந்துவிட்டேன்.

கிராதிவரை போனவன் வாங்காமல் திரும்பினால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். அவனிடம் சாவான பாவம், நன்மை வாங்கவே தகுதியில்லாத பெரும்பாவம், இருக்கிறது. அது என்ன பாவம் என்பதை அவரவர் வசதிப்படி யோசித்துக்கொள்ளலாம். கோயில் முழுவதும் யோசித்தது.

பூசை முடிந்து வெளியே வந்ததும் அந்தோணிமுத்து மறித்தார். "வாத்தியாரே," என்றார். நேற்றுவரை நான் மாப்பிள்ளை. "கிட்ட வாங்க. ஊதுங்க."

ஊதினேன். அவர் முகம் தொங்கிப்போயிற்று.

"கிராம்பு. எங்க மூத்த மருமவனும் இதைத்தான் மெல்லுவான், சாராய வாடை தெரியக் கூடாதுன்னு. ஒரு பொண்ணைக் குடுத்துட்டு நான் படுற பாடு போதும். வாங்க சாமிகிட்ட. இந்தக் கல்யாணம் வேணாம்னு சொல்லிடறேன்."

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். அழுகிற குரலில் சொன்னார். அவரோடு கிளம்பினேன்.

சாமியார் பங்களா வராந்தாவில் போய் நின்றோம். பின்னாலேயே மாமியாரும் தெரசம்மாளும் வந்து தூண் ஓரம் நின்றார்கள்.

"வாத்தியார், ஏன் எழுந்து போனீர்?" என்றார் சாமியார்.

"சாமி, பல்லுல எண்ணெய் இருக்குங்க."

"பல்லில் எண்ணெயா?"

"கொஞ்சம் துத்தநாகமும் இருக்குங்க."

"பாத்துக்குங்க சாமி," என்றார் அந்தோணிமுத்து, "இன்னும் தெளியலை."

வேறு வழியில்லை. மானம் போனாலும் பெண் போகக் கூடாது என்று, "இது பொய்ப்பல்லுங்க, கழட்டிக் காட்டறேன்," என்று பிடித்து இழுத்தேன். ஒரு வாரமாகக் காற்றடித்தால் ஆடிய பல், அன்றைக்குப் பார்த்து அசையவில்லை. திருகினேன். முன்னும் பின்னும் ஆட்டினேன். எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். சொந்தப் பல்லைப் பிடுங்கப் பார்க்கிறான், குடிகாரனேதான் என்று முடிவு செய்துவிட்டது அவர்கள் முகத்திலேயே தெரிந்தது.

அப்போது தெரசம்மாள் இரண்டடி முன்னால் வந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து அப்பாவிடம் நீட்டினாள்.

"அவர் சொல்றது நெசந்தாம்ப்பா. மீதிப் பல்லு இந்தா இருக்கு. கொட்டையக் கடிச்சப்ப தெறிச்சு என் மடியில வுழுந்துச்சு. தனியா பாத்தா குடுத்துடலாம்னு முடிஞ்சு வச்சிருந்தேன்."

நான் வாயைப் பிளந்தேன். தொப்பி தானாகக் கழன்று வராந்தாவில் விழுந்தது.

அந்தோணிமுத்து அதைக் குனிந்து எடுத்தார். மூக்கருகே கொண்டுபோனார். பாதிப் பல்லைப் பார்த்தார், என் வாயைப் பார்த்தார். அப்படியே படியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏன் மாப்ள, இதை மொதல்லயே சொல்லித் தொலைச்சா என்ன?" என்றார். மறுபடி மாப்பிள்ளை ஆனதில் எனக்கும் கண் கலங்கிவிட்டது. நோன்பு முறிந்ததா இல்லையா என்று சாமியாரிடம் அப்போதே கேட்டேன். "முதலில் கல்யாணத்தை முடித்துக்கொள்ளும்," என்று அவர் காப்பி குடிக்க உள்ளே போய்விட்டார். எனக்கு இன்றுவரை அது தெரியாது.

பீங்கான் பல் வருவதற்குள் கல்யாணம் வந்துவிட்டது. போட்டோவில் நான் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, யாரோ பிடித்துவந்து உட்காரவைத்த மாதிரி இருப்பேன். நான் எங்கே போய்விட்டு வந்தாலும் வாசலில் மறித்து "ஊதுங்க" என்று சொல்வது எங்கள் வீட்டில் வழக்கமாகிவிட்டது. பெண்டாட்டி ஆரம்பித்ததைப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள், இப்போது பேரப்பிள்ளைகள்வரை வந்திருக்கிறது.

அந்தப் பாதிப் பல் தெரசம்மாளின் செபமாலை டப்பாவில் பத்திரமாக இருக்கிறது. தூக்கிப் போடேன் என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன்.

"இருக்கட்டும்," என்கிறாள். "நாளப்பின்ன யாராச்சும் கேட்டா, நீங்க குடிக்கலைன்னு சொல்ல வேற சாட்சி எங்க இருக்கு?"